ஐந்து கட்டத்தில் அடங்காத பட்டுச்சேலை

கல்லூரியில் கடைசி வருடப் புராஜெக்ட் என்றால் எல்லோருக்கும் தெரிந்த பட்டியல் ஒன்று உண்டு. நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, மாணவர் வருகைப் பதிவு. காஞ்சிபுரம் பக்கத்துப் பசங்களாக இருந்தால் 'பட்டுச்சேலை உற்பத்தி மேலாண்மை' என்று ஒன்று சேர்ந்துகொள்ளும். ஊரே நெசவு ஊர், கேட்டால் விவரம் சொல்ல ஆள் இருக்கிறது, கைடும் தலையாட்டிவிடுவார்.

டேபிள் போடப் பத்து நிமிடம் போதும். 'சேலை' என்று ஒரு டேபிள். அதில் ஐந்து கட்டம்: சேலை எண், நிறம், எடை, நெய்தவர், கூலி. மீதி ஆறு மாதமும் லாகின் பக்கத்துக்கு என்ன கலர் அடிக்கலாம் என்ற ஆராய்ச்சியில் போகும் :)

சிக்கல் என்னவென்றால், அந்த ஐந்து கட்டத்தில் ஒன்றுகூட பிள்ளையார்பாளையத்துத் தறி ஒன்றின் முன்னால் நிற்காது. ஒவ்வொன்றாக உடையும். எப்படி உடைகிறது என்று பார்த்தால், டொமைன் மாடலிங் என்று புத்தகங்களில் பெரிதாகப் பேசப்படும் சமாச்சாரம் முக்கால்வாசி புரிந்துவிடும்.

முதலில் கொஞ்சம் பழைய கதை

நிஜ உலகத்தைக் கணினிக்குள் உருவாக்கிப் பார்க்கலாம் என்ற எண்ணம் புதிதல்ல. 1960களில் நார்வே நாட்டில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்ற இருவர் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். நிஜ உலகில் நடப்பதை கணினியில் நடத்திப் பார்ப்பதுதான் அதன் வேலை. இன்றைக்கு ஜாவா வகுப்பில் முதல் நாளே சொல்லித்தரும் கிளாஸ், ஆப்ஜெக்ட் எல்லாம் அங்கிருந்து வந்தவை. 1976ல் பீட்டர் சென் என்டிட்டி ரிலேஷன்ஷிப் மாடலைக் கொண்டுவந்தார். தேர்வுக்கு முதல் நாள் இரவு எல்லோரும் பெட்டியும் சாய்சதுரமுமாகப் போட்டுப் பழகும் அதே படம்தான்.

2003ல் எரிக் எவன்ஸ் 'டொமைன் டிரிவன் டிசைன்' என்ற புத்தகத்தை எழுதினார். அதன் சாரத்தை இப்படிச் சொல்லலாம். பெரிய மென்பொருளில் கஷ்டமான பகுதி பெரும்பாலும் கோட் அல்ல, தொழில். அந்தத் தொழிலைச் செய்கிறவர்களும் நிரல் எழுதுகிறவர்களும் ஒரே சொற்களைப் பேசவேண்டும். அதே சொற்கள் கோடிலும் இருக்கவேண்டும். எவன்ஸ் இதற்கு யுபிக்விடஸ் லாங்குவேஜ் என்று பெயர் வைத்தார். தமிழில் 'எங்கும் ஒரே பேச்சு' என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல்வது சுலபம். இனி அந்த ஐந்து கட்டத்துக்கு வரலாம்.

கட்டம் 1: சேலை எண்

ஒவ்வொரு சேலைக்கும் ஒரு எண். இதில் என்ன தப்பு வரப்போகிறது?

கேள்வி, எப்போதிலிருந்து அந்த எண் என்பது. தறியில் ஏற்றுவது சேலை அல்ல, பாவு. நீளவாட்டில் ஓடும் நூல்களைச் சேர்த்து, தெருவில் நீட்டி, கஞ்சி போட்டு, காயவைத்து, சுருட்டி எடுத்துவருவது. ஒரு பாவில் வழக்கமாக ஒன்றுக்கு மேற்பட்ட சேலைகள் நெய்யப்படும். முதல் சேலை நெய்து முடிந்து அடுத்தது பாதியில் நிற்கும்போது தறியில் இருப்பது எத்தனை சேலை? ஒன்றா, ஒன்றரையா? அறுத்து இறக்கும்வரை சேலை என்று தனியாக ஒரு பொருளே கிடையாது.

பட்டு நிறுத்துக் கொடுப்பது பாவுக் கணக்கில். முதல் சேலைக்கு நூல் அதிகம் செலவானால் கடைசிச் சேலையில் இடிக்கும். ஆகவே 'கொடுத்த பட்டும் வந்த சேலையும் சரியாக இருக்கவேண்டும்' என்ற விதி ஒற்றைச் சேலைமேல் நிற்பதில்லை, முழுப் பாவின்மேல் நிற்கிறது. எவன்ஸ் புத்தகத்தில் அக்ரிகேட் என்று ஒரு பாடம் வரும். சேர்ந்தே சரியாக இருக்கவேண்டிய பொருட்களை ஒரு கட்டாக வைத்து, அந்தக் கட்டுக்கு ஒரு தலைவாசல் மட்டும் வை என்பது அதன் சுருக்கம். அங்கே தலைசுற்றுகிறவர்கள் பாவை நினைத்துக்கொண்டால் போதும். பாவுதான் தலைவாசல், சேலைகள் உள்ளே இருப்பவை. முதல் டேபிளின் பெயரே 'பாவு' என்று இருந்திருக்கவேண்டும். நெசவாளரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தாலே அந்தச் சொல் பத்துத் தடவை காதில் விழுந்திருக்கும்.

கட்டம் 2: நிறம்

இது இன்னும் வேடிக்கை. மயில்கழுத்து நிறச் சேலையைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் அசைத்தால் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் நீலம். காரணம் எளிது. பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை வேறு நிறம். கண்ணுக்குத் தெரியும் நிறம் இரண்டிலும் இல்லை, இரண்டும் கலக்கும் இடத்தில் இருக்கிறது. கலர் பிக்கரில் அதற்கு எந்த எண்ணைக் கொடுப்பது?

அதோடு முடியவில்லை. காஞ்சிபுரத்துக்குப் பேர் வாங்கித் தந்ததே உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று எடுப்பாக நெய்யும் கோர்வை. முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால் உடல் பாவின் இழைகளோடு முந்தியின் இழைகளை ஒவ்வொன்றாக இணைக்கும் வேலை தனியாக உண்டு. பிட்னி என்பார்கள். ஆக ஒரே சேலைக்குள் பாவின் நிறமே நடுவில் மாறலாம். உடல் பாவு, உடல் ஊடை, கரை, முந்தி என்று குறைந்தது நான்கு இடத்தில் நிறம் கேட்கவேண்டும்.

பெயர்கள் வேறு. அரக்கு, மாம்பழ மஞ்சள், எம்.எஸ். புளூ. கடைசியாகச் சொன்னது பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமிக்காக காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் உருவாக்கியதாகச் சொல்லப்படும் நீலம். அந்தப் பெயரைச் சொன்னால் சாயக்காரருக்கும் புரியும், கடைக்காரருக்கும் புரியும், வாங்க வந்த மாமிக்கும் புரியும். 'எங்கும் ஒரே பேச்சு' என்று எவன்ஸ் தேடியது இந்த ஊரில் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புராஜெக்ட் எழுதுகிறவர் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு 'கலர் கோட் 17' என்று எழுதினால், இருந்த பேச்சையும் கெடுத்தமாதிரி ஆகும்.

கட்டம் 3: எடை

கிராமில் ஒரு எண். சரி, எதன் எடை?

பச்சைப் பட்டில் செரிசின் என்ற பசை இருக்கிறது. அதைச் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து நீக்கினால்தான் மினுமினுப்பும் மென்மையும் வரும், சாயமும் பிடிக்கும். அப்படி நீக்கும்போது எடையில் ஏறக்குறைய கால்பங்கு போய்விடும். ஒரு கிலோ பட்டு வாங்கியதும் உண்மை, முக்கால் கிலோ சொச்சம்தான் தறிக்கு வந்தது என்பதும் உண்மை. இரண்டையும் 'பட்டு எடை' என்று ஒரே கட்டத்தில் போட்டால் நடுவில் காணாமல்போன கால் கிலோவுக்கு யாரோ ஒருவர் திருடர் ஆகிவிடுவார்!

ஜரிகை தனிக் கணக்கு. அசல் ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்கமுலாம் பூசியது. அதை 'மார்க்' என்ற பழைய அளவில் பேசுவார்கள். சேலை நீளம் கஜத்தில் போகும், ஆறு கஜம், ஒன்பது கஜம் என்று. முடிந்த சேலையைத் தராசில் வைத்தால் பட்டும் ஜரிகையும் சேர்ந்த ஒரு எண் வரும். கொடுத்த பட்டு, கொடுத்த ஜரிகை, திரும்பி வந்த மிச்சம், சேதாரம் எல்லாம் தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

அர்த்தம் இல்லாத எண் என்ன செய்யும் என்பதற்கு உலகப் பிரசித்தி பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. தரையில் ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டில் கொடுத்தது, அதை வாங்கிய இன்னொன்று நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. எண்ணில் தப்பில்லை, எண்ணுக்குப் பின்னால் இருந்த பேச்சில் தப்பு. விண்கலம் போனால் செய்தித்தாளில் வரும். கால் கிலோ பட்டுக்கு ஒரு நெசவாளர் கூலியில் பிடித்தம் வந்தால் எங்கும் வராது. மற்றபடி இரண்டும் ஒரே பிழைதான்.

கட்டம் 4: நெய்தவர்

இங்கேதான் விளையாட்டு முடிந்து விஷயம் கனமாகிறது.

கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. நடுவில் உடலுக்கு ஒன்று, இரண்டு பக்கக் கரைக்கும் ஒவ்வொன்று. தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரே மூன்றையும் தள்ளுவது சிரமம். ஒரு பக்கக் கரையின் நாடாவைத் தள்ள பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். பெரும்பாலும் மனைவி, ஒரு காலத்தில் பல வீடுகளில் பிள்ளைகள். இது தவிர தார் சுற்றுகிறவர், பாவு பிணைக்கிறவர், சாயம் போடுகிறவர். டேபிளிலோ 'நெய்தவர்' என்று ஒரு கட்டம், ஒரு பெயர்.

'நெசவாளர் என்றால் யார்?' என்பது தத்துவக் கேள்வி மாதிரி தெரியும். அது அரசாங்கமே உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுதிய கேள்வி. 2019-20ல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 35 லட்சத்துக்கும் மேற்பட்ட கைத்தறித் தொழிலாளர்களைக் கணக்கிட்டது. அதில் சுமார் 26.7 லட்சம் பேர் நெசவாளர்கள், சுமார் 8.5 லட்சம் பேர் சார்புத் தொழிலாளர்கள். எடுத்தவர்கள் 'நெசவாளர்' என்று ஒரே கட்டம் வைத்திருந்தால் அந்த எட்டரை லட்சம் பேர் ஒன்று நெசவாளராக ஆகியிருப்பார்கள், அல்லது இல்லாமலே போயிருப்பார்கள். இரண்டாவது கட்டம் ஒன்றைப் போட்டதால் தெரிகிறார்கள்.

இன்னொரு ஆவணமும் உண்டு. எவன்ஸின் புத்தகம் வந்த அதே 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. காஞ்சிபுரமும் அதில் இருக்கிறது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகளின் கதை அது. 'ஒரு சேலை, ஒரு நெசவாளர், ஒரு கூலி' என்று எழுதிய எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அந்தப் பிள்ளைகள் இருந்திருக்க முடியாது. யாரும் ஒளித்துவைக்கவேண்டிய அவசியமே இல்லை. எழுதக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

கட்டம் 5: கூலி

சேலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. கோர்வையா, சாதாவா, ஜரிகை வேலை எவ்வளவு, முந்தி எப்படி என்பதைப் பொறுத்து மாறும். இது புரோகிராமருக்குப் பழக்கமான கணக்கு, பிரச்சினை இல்லை.

பிரச்சினை முன்பணம். தனியார் முதலாளியிடம் வேலை செய்யும் நெசவாளர் கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முன்பணம் வாங்குவது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். மென்பொருளில் அதை எப்படி எழுதுவது? பெரும்பாலானவர்கள் கணக்கில் ஒரு மைனஸ் எண்ணாகப் போட்டுவிடுவார்கள். வரும் கூலியில் கழித்துக்கொண்டே போனால் ஒரு நாள் தீரும்.

கணக்கருக்கு அது வெறும் பாக்கி. முதலாளிக்கு, ஆள் வேறு இடத்துக்குப் போகாமல் இருப்பதற்கான பிடி. வாங்கியவருக்குக் கழுத்தில் கயிறு. சட்டத்துக்கு இன்னொன்று. முன்பணத்துக்கு ஈடாக ஒருவரை வேலையில் கட்டிப்போட்டால் அது 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். ஒரே சொல், நாலு பேருக்கு நாலு பொருள். எந்தப் பொருளைக் கோடில் எழுதுவது என்பதை டெக்னிக்கல் கேள்வி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைசித் தேதி இல்லாத மைனஸ் எண்ணாக எழுதினால் மென்பொருள் முதலாளியின் பக்கம் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். மாதம் இவ்வளவுக்குமேல் பிடிக்கக்கூடாது, வேலையை விட்டாலும் பாக்கி தனிக் கடனாக நிற்கவேண்டும், வாங்கியவர் தன் கணக்கைப் பார்க்க முடியவேண்டும் என்று விதிகளை எழுதினால் அது வேறு மென்பொருள்.

ஒரே சேலை, பல வீடு

'அப்படியானால் எல்லாக் கட்டத்தையும் சேர்த்து இருநூறு கட்டம் உள்ள ஒரு மெகா டேபிள் போட்டுவிடலாமே?' என்று தோன்றும். எல்லோரும் விழும் அடுத்த குழி அது.

ஒரு சேலையின் பயணத்தைப் பாருங்கள். தறியில் அது பாவின் ஒரு பகுதி. கூட்டுறவுச் சங்கத்தில் எடையும் அடக்கவிலையும் உள்ள சரக்கு. காந்தி ரோட்டுக் கடையில் மடித்து வைத்த ஒரு நிறம், ஒரு விலை, ஒரு ஆசை. ஜி.எஸ்.டி. கணக்கில் 5007 என்ற தலைப்பில் வரும் பட்டுத் துணி. புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கண்ணில், 2005-06ல் பதிவான 'காஞ்சிபுரம் பட்டு' என்ற பெயருக்குத் தகுதி உள்ளதா இல்லையா என்ற கேள்வி. அம்மனுக்குச் சாத்தினால் அது சேலைகூட இல்லை, வஸ்திரம். பிறகு கோயிலில் ஏலம் விட்டால் பிரசாதம், அதற்கு அடக்கவிலை கேட்பவர் யாரும் இல்லை.

இந்த ஆறு வீட்டுக்கும் பொதுவாக ஒரு 'சேலை' கிளாஸ் எழுதினால் அது யாருக்கும் உதவாது. கடைக்காரர் ஒரு கட்டத்தை மாற்றினால் சங்கத்துக் கணக்கு உடையும். எவன்ஸ் இதற்குச் சொல்லும் வழி பவுண்டட் கான்டெக்ஸ்ட். ஒவ்வொரு வீட்டுக்கும் சுவர் போடு, அந்தச் சுவருக்குள் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் இருக்கட்டும், வீட்டுக்கு வீடு போகும்போது வாசலில் மொழிபெயர்த்துக்கொள். தறி வீட்டிலிருந்து சங்கத்து வீட்டுக்குப் போகும் வாசல் எது? அறுத்த சேலையைத் தராசில் வைக்கும் அந்த நிமிடம்தான். நிஜத்தில் எல்லை எங்கே இருக்கிறதோ அங்கேயே மென்பொருளிலும் எல்லை வரும்.

இதனால்தான் ஜக்கார்டு டிசைன் போட உதவும் மென்பொருள் கூலிக் கணக்கைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, கவலைப்படவும் வேண்டாம். இழை எத்தனை, எந்த இழை எழும்பவேண்டும் என்பதோடு அதன் உலகம் முடிகிறது. அது குறை அல்ல, நல்ல சுவர்.

பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல்

கடைசியாக ஒரு உபயோகமான விஷயம். டேபிளில் ஆரம்பித்தால் கண் பெயர்ச்சொற்கள்மேல் போகும்: சேலை, நெசவாளர், கடை. தொழில் தெரிந்தவர்கள் பேசும்போது கதையாகத்தான் பேசுவார்கள். பட்டு கொடுத்தார்கள், சாயம் போட்டு வந்தது, பாவு பிணைத்தாயிற்று, சேலை அறுத்தாயிற்று, எடை போட்டார்கள், கணக்கு தீர்ந்தது. இத்தாலியைச் சேர்ந்த ஆல்பர்ட்டோ பிராண்டோலினி என்பவர் 2013 வாக்கில் பிரபலப்படுத்திய ஈவென்ட் ஸ்டார்மிங் என்ற முறையும் இதேதான். தொழில் தெரிந்தவர்களையும் நிரல் எழுதுகிறவர்களையும் ஒரே அறையில் உட்காரவைத்து, நடந்தவற்றை ஒவ்வொரு துண்டுச்சீட்டில் எழுதிச் சுவரில் வரிசையாக ஒட்டுவது. டேபிள் எல்லாம் அப்புறம்.

புராஜெக்ட் செய்கிறவர்கள் நாலு கேள்வியை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போகலாம். இதை நீங்கள் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? இது நடந்ததும் அடுத்து என்ன நடக்கும்? இது எப்போது தப்பாகப் போகும்? இந்த வேலையில் வேறு யாருக்குக் கை இருக்கிறது? நான்காவது கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் பலரும் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் மாடலில் போட முடியாது, போடவும் கூடாது. விடுவது மாடலின் குற்றமல்ல, மாடலின் வேலையே தேவையில்லாததை விடுவதுதான். தெரிந்து விடுவதும் தெரியாமல் விடுவதும் வேறு வேறு என்பதுதான் விஷயம். சேலையில் இருக்கும் யாளியின் வால் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைக் கூலிக் கணக்கு விட்டுவிடலாம், ஒருவருக்கும் நஷ்டமில்லை. வலதுகைப் பக்கம் உட்கார்ந்து நாள் முழுவதும் கரை நாடா தள்ளியவரின் பெயரை விட்டால் அப்படி அல்ல. நாளைக்கு ஒரு நலத்திட்டம் வரும், ஒரு காப்பீடு வரும், ஓய்வூதியம் வரும். டேட்டாபேஸில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும். அந்தப் பெயருக்குக் கட்டம் போடவேண்டுமா என்பதை முடிவு செய்தது, எப்போதோ ஒரு நாள் பத்து நிமிடத்தில் டேபிள் போட்ட யாரோ ஒருவராக இருப்பார்.